உண்டியலை உடைத்தது நான்தான்: மகனுக்குச் சேமிப்பை மறுபடி எப்படிப் பழக்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். நான் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன். மகனுக்கு ஒன்பது வயது, வருகிற தை மாதம் பத்து நிறைகிறது. மகளுக்கு ஆறு வயது.

சென்ற ஆண்டு ஆனைமலை மாசாணியம்மன் கோவில் குண்டம் திருவிழாவுக்குப் போயிருந்தபோது மகன் அடம்பிடித்து ஒரு மண் உண்டியல் வாங்கினான். மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் அதைக் குடுக்கை என்போம். பக்கத்து வீட்டார் தங்கள் பையனின் பழைய சைக்கிளை 1,800 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவன் காசு சேர்க்கத் தொடங்கினான். விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுத்த கைநீட்டக் காசு, அம்மிச்சி (தாய்வழிப் பாட்டி) வீட்டுக்குப் போனால் கையில் வைக்கும் பத்தும் இருபதும், காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டுபோய் ஊற்றி வருவதற்காக நான் ஞாயிறுதோறும் கொடுத்த காசு என்று எதையும் விடாமல் போட்டான். ஒவ்வொரு முறை போட்டதும், அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பென்சிலால் கூட்டுத் தொகையை எழுதிவைப்பான்.

வைகாசிக் கடைசியில் ஒரு பசுவுக்கு மடிநோய் வந்துவிட்டது. பால் வரவு பாதியாகக் குறைந்த அதே வாரத்தில் ஊசிக்கும் மருந்துக்கும் பணம் தேவைப்பட்டது, ஜூன் மாதம் பள்ளி திறப்பதால் குடை, நோட்டு, செருப்புச் செலவும் சேர்ந்துகொண்டது, கணவரின் சம்பளமோ வரவில்லை. மகன் அம்மிச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் நான் அந்த உண்டியலை உடைத்து 1,340 ரூபாயை எடுத்தேன். பால் பணம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அதே அளவில் வேறொரு மண் உண்டியல் வாங்கி, கொஞ்சம் சில்லறை போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு செலவு வந்தது. நான் போடவில்லை.

ஓண விடுமுறையில் அவன் அதைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினான். "அம்மா, இது என் குடுக்கை இல்லை, சத்தம் வேற" என்றான். பழைய உண்டியலில் காசு போடும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு உடைசல் இருந்தது, அதை விரலால் தடவித் தேடினான். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. உள்ளே போய்ச் சுவரில் எழுதியிருந்த கணக்கை ரப்பரால் அழித்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து கையில் கிடைக்கும் காசை மாலைக்குள் கடையில் கொடுத்து எதையாவது வாங்கித் தின்றுவிடுகிறான். கேட்டால், "வெச்சா நீ எடுத்துக்குவே" என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? வங்கியில் அவன் பெயரில் கணக்குத் தொடங்கலாமா? குழந்தைகள் கையில் காசே கொடுக்கக் கூடாது என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள், அது சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில்: வேலந்தாவளம் ஆசிரியை

சகோதரி, நான் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனுக்குச் சேமிப்பை நீங்கள் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இன்ன பொருளுக்காக என்று முடிவு செய்து, வந்த காசை ஒதுக்கி, சுவரில் கணக்கு எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைக்கு அதற்குமேல் நாம் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் அவன் இழந்திருக்கிறான். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் வந்த காசை அன்றைக்கே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றுவது இயல்பு. அவனைப் பேராசைக்காரன், தின்பண்டப் பிரியன் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவது எளிது. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படிச் செய்யமாட்டேன். அவனிடம் கடன் வாங்கியதாக ஒரு நோட்டில் அவன் கண்முன் எழுதி, இன்ன கிழமை இவ்வளவு என்று சொல்லி, சொன்ன கிழமையில் தவறாமல் கொடுப்பேன். ஒரே நாளில் வந்து சேரும் 1,340 ரூபாய், அம்மா மனம் இரங்கிக் கொடுத்த பரிசுபோல அவனுக்குப் படலாம். வாரந்தோறும் வருகிற தவணை, அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்பதைப் பதினைந்து முறை அவனுக்குக் காட்டும். அவனுக்கு இப்போது அதுதான் தேவை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் "வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். பாதிப் பிள்ளைகள் "போனிலிருந்து" என்றார்கள். கடையில் போனைக் காட்டினால் பொருள் வருகிறது, பால் பணமும் கூலியும் கணக்கில் ஏறுகின்றன, தாள் நோட்டை எண்ணிப் பிரித்துவைக்கும் காட்சியையே பிள்ளைகள் பார்ப்பதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பா சனிக்கிழமை இரவில் வாரக்கூலியைப் பாயில் பரப்பி, மளிகைக்கு, பாலுக்கு, வட்டிக்கு என்று தனித்தனியாக அடுக்குவார். மிஞ்சுவது எவ்வளவு குறைவு என்பதை நாங்கள் ஐந்து பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். யாரும் எங்களுக்குப் புத்தி சொன்னதில்லை. மாதத்தில் ஒரு முறையாவது பால் பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவந்து, தவிடு, பருத்திக்கொட்டை, மருந்து, மின்கட்டணம் என்று மகன் எதிரில் பிரித்துவையுங்கள். பசுவின் மருந்துக்கு எவ்வளவு ஆனது என்பதும் அப்போது அவனுக்குத் தானாகவே விளங்கும்.

பால் கொண்டுபோய் ஊற்றுவதற்குக் காசு கொடுப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டு வேலைக்குக் கூலி என்று பழகிய பிள்ளை, ஒரு நாள் காசு வேண்டாம் என்று தோன்றினால் வேலையும் வேண்டாம் என்பான். வேலை வீட்டுக்காக, வாரக் காசு அவனுக்காக என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். தொகை சிறிதாக இருக்கட்டும், கிழமை மாறாமல் இருக்கட்டும். காசே கொடுக்காமல் காசின் அருமையைக் கற்பிப்பது, தண்ணீரில் இறக்காமல் நீச்சல் கற்பிப்பதைப் போன்றது.


பதில்: மீனாட்சிபுரம் மளிகைக் கடைக்காரர்

டீச்சர் சொன்னதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த அம்மா தன்னைக் குற்றவாளியாகவே நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோய் வந்த பசுவுக்குத்தான் அந்தப் பணம் போனது. அந்தப் பசுவின் பாலில்தான் பையனுடைய குடையும் செருப்பும் வந்தன. வீட்டுக்கு இடர் வரும்போது அதில் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறவன்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. தென்னங்கன்றுகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், எரிந்த காயிலை, அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளை, கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அந்தக் கருகல் வாசம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு, "உன்னிடம் எவ்வளவு வைத்திருக்கிறாய், சாமி? தேங்காய் வெட்டியதும் தருகிறேன்" என்று கேட்டார். நான் ஓடிப்போய் என் டப்பாவை எடுத்து வந்தேன். 62 ரூபாய் இருந்தது. காயில் கட்டும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வந்திருக்காது. ஆனாலும் அந்த மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதில் என் காசும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்பா சொன்னபடி திருப்பியும் கொடுத்தார். ஆகவே, அம்மணி, நீங்கள் எடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. கேட்டு வாங்கியிருந்தால் உங்கள் மகனும் பெருமையோடு கொடுத்திருப்பான். இப்போதாவது அவனைத் தொழுவத்துக்கு அழைத்துப்போய், இந்த மடிக்குத்தான் உன் பணம் போனது, இது இப்போது இத்தனை லிட்டர் கறக்கிறது என்று காட்டுங்கள்.

கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உண்டியல் உடைத்து வரும் பிள்ளைகளின் கையில் பத்து ரூபாய் நாணயங்கள் நிறைய இருக்கும். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் சில கடைகளில் அவற்றைச் செல்லாது என்று திருப்பிவிடுகிறார்கள். ஓராண்டாகச் சேர்த்த காசைச் செல்லாது என்று ஒருவர் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி ஆகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வெளிவந்திருப்பதாகவும் அவை அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. பெரியவர்கள் இந்த வதந்தியைப் பிள்ளைகள் எதிரில் பேசாமல் இருந்தாலே பாதிப் புண்ணியம்.

தீபாவளிச் சீட்டில் மட்டும் பிள்ளைகள் பணத்தைப் போடாதீர்கள். தெரிந்தவர் நடத்தினார் என்று நம்பி என் மகள் பெயரில் ஒரு வருடம் கட்டினேன். ஐப்பசி பிறந்தபோது அவர் வீடு பூட்டியிருந்தது. பட்டுப்பாவாடைக்குக் காத்திருந்த பெண்ணிடம் அதைச் சொன்ன அந்த இரவு எனக்கு மறக்காது. பெரியவர்கள் குறி (ஏலச்சீட்டு) சேர்வதானால்கூட, 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டுகள் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், சித்தூர்

வங்கிக் கணக்குத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த துறை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மகனுக்குத் தை மாதம் பத்து வயது நிறைகிறது என்பது இதில் முக்கியமான செய்தி. பத்து வயது நிறைந்த சிறுவர், அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தாமே கையெழுத்திட்டுப் பணம் போடவும் எடுக்கவும் முடியும். அதற்கு முன் தொடங்கினால் காப்பாளராகிய உங்கள் கையெழுத்தில்தான் எல்லாம் நடக்கும். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் நிலையில், "அம்மா கையெழுத்தில்லாமல் நடக்கும் கணக்கு" என்பது அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அவசரப்படாமல் தை வரை காத்திருங்கள் என்பதே என் யோசனை. வங்கிகளிலும் பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாமே கணக்குத் தொடங்கி நடத்த அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. எந்த அளவுக்கு, என்ன நிபந்தனைகளோடு என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்யும் என்பதால் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் இருக்க வேண்டும். வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. 500 ரூபாய்க்கு ஓராண்டுக்கு 20 ரூபாய் என்றால், பத்து வயதுப் பையன் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கக்கூடும். அவனுக்குப் பொருத்தமானது தொடர் வைப்பு என்று நினைக்கிறேன். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 60 மாதம். இப்போதுள்ள 6.7 விழுக்காடு வட்டியில், அவன் கட்டும் 6,000 ரூபாய் ஐந்தாண்டு முடிவில் 7,100 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகியிருக்கும். ஒரு மாதம் கட்டத் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தண்டம். அந்த ஒரு ரூபாயை அவனே தன் காசிலிருந்து கட்டட்டும், நீங்கள் கட்டாதீர்கள். சொன்ன நாளில் செய்யாவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை இவ்வளவு மலிவாக வேறெங்கும் கற்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பள்ளிகளில் சஞ்சயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆசிரியர் மேசைமுன் வரிசையில் நின்று பத்துக் காசும் இருபத்தைந்து காசும் கட்டி, அட்டையில் பதிந்து வாங்கிப்போன பிள்ளைகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களில் சிலர் பெரியவர்களான பிறகும் என் கவுண்டருக்கு வந்து பணம் கட்டினார்கள். உலகச் சிக்கன நாள், 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்தது. நம் நாட்டில் அக்டோபர் 30 அன்று கொண்டாடுகிறோம். அந்நாளில் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசு கொடுப்பதோடு பள்ளிகள் நின்றுவிடுகின்றன என்பது என் மனக்குறை. கட்டுரை எழுதிய பிள்ளையின் கையில் ஒரு பாஸ் புத்தகம் இருக்க வேண்டாமா?

மகளுக்கு ஆறு வயது என்கிறீர்கள். பத்து வயதுக்குள் இருப்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர்க்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினால்கூடக் கணக்கு நிலைத்திருக்கும். இப்போது வட்டி 8.2 விழுக்காடு. அது உங்கள் சேமிப்பு, குழந்தையின் பழக்கத்துக்கானது அன்று, எனவே அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.


பதில்: கொல்லங்கோட்டுக்காரி

எல்லாப் பதில்களையும் படித்தேன். "வெச்சா நீ எடுத்துக்குவே" என்ற அந்தப் பையனின் சொல் என்னைத் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அதே சொல்லை என் அம்மிச்சி வேறு விதமாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆண்கள் கையில் கிடைத்த பணம் நிற்காது. அதனால் அம்மிச்சி சிறுவாடு சேர்த்தார். மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு, களத்துமேட்டில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளி விற்ற காசு எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக மாறி, மல்லித் தூள் டப்பாவுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தன. 2016 நவம்பர் 8 இரவு அந்தத் தாள்கள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது அம்மிச்சி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டு, டப்பாவைக் கவிழ்த்தார். 23 தாள்கள், ஒவ்வொன்றிலும் மல்லி வாசம். அவற்றை வங்கியில் கட்டுவதற்கு நானும் அவரும் இரண்டு நாள் வரிசையில் நின்றோம். பணம் கணக்கில் ஏறியது. ஆனால் அவர் சிறுவாடு வைத்திருந்த விஷயம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் மாமா ஒவ்வொரு காரணமாகச் சொல்லி அதை வாங்கிப் போய்விட்டார். "இனி எனக்கு எதுக்குச் சேர்க்கணும்?" என்று அம்மிச்சி கேட்டார். அதற்குப் பிறகு அவர் மோர் விற்கவே இல்லை.

எழுபது வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுப் பையனும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அம்மிச்சிக்கு நாங்கள் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுக்க நினைக்கிறீர்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: திருப்பிக் கொடுக்கும் காசை அவன் எப்படிச் செலவழித்தாலும் முதல் சில வாரங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். "கொடுத்தேன், ஆனால் வீணாக்காதே" என்றால், அது இன்னும் உங்கள் பணம்தான் என்று அவனுக்குக் கேட்கும்.


மறுமொழி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

டீச்சர், அண்ணா, ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. மீனாட்சிபுரத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும் அன்று மாலையே மகனைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனேன். மடியைத் தொட்டுப் பார்த்தான். எந்தக் காம்பில் நோய் வந்தது என்று கேட்டான், காட்டினேன். வேறு ஒன்றும் பேசவில்லை.

பழைய பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "மகனிடம் வாங்கிய கடன் 1,340" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பால் பணம் வருவதை ஒட்டிச் சனிக்கிழமைதோறும் 80 ரூபாய் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஐயாவிடம் ஒரு சந்தேகம்: அஞ்சலகத்தில் அவன் பெயரில் கணக்குத் தொடங்கினால் பாஸ் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது?


பதில்: ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், சித்தூர்

கணக்கை அவனே நடத்துவதாக இருந்தால் பாஸ் புத்தகம் அவனிடம்தான் இருக்க வேண்டும். தொலைத்துவிடுவான் என்று பயப்படாதீர்கள், தொலைந்தால் மறுபிரதி வாங்க வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் இருப்பவர் உங்களைப் பார்த்துப் பேசினாலும், பதிலை அவன் சொல்லட்டும். கையெழுத்தை ஒரே மாதிரிப் போடப் பழகிக்கொள்ளவும் இப்போதே சொல்லுங்கள். அந்த வயதில் பிள்ளைகளுக்குக் கையெழுத்து வாரத்துக்கு ஒரு விதமாக இருக்கும். கவுண்டரில் உட்கார்ந்து அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.


பதில்: வேலந்தாவளம் ஆசிரியை

இருவரும் கையெழுத்துப் போட்டது மிகச் சரி. ஒரு சிறு யோசனை: ஏதாவது ஒரு சனிக்கிழமை உங்களால் கொடுக்க முடியாமல் போனால், அன்றே, அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.


மறுமொழி: கொழிஞ்சாம்பாறைத் தாய்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்து சனிக்கிழமையும் தவறவில்லை. நான்காவது வாரம் தவிடு வாங்கியதில் கையில் பணமில்லை. டீச்சர் சொன்னதை நினைத்துக் காலையிலேயே அவனிடம் சொன்னேன். "ராத்திரிக்குள்ள தருவியா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டில் வாங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரமும் 80 ரூபாயையும் அன்றே செலவழித்தான். தங்கைக்கும் சேர்த்துப் பப்ஸ் வாங்கினான், பிளாஸ்டிக் பந்து ஒன்று வாங்கினான், அது மூன்றாம் நாளே உடைந்தது. கொல்லங்கோட்டு அக்கா சொன்னதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. மூன்றாவது வாரம் காசை வாங்கிக்கொண்டு, இன்னும் எத்தனை வாரம் வரும் என்று கேட்டான். நோட்டைக் கொடுத்து நீயே போட்டுப் பார் என்றேன். முழுக் கடனையும் எண்பதால் வகுத்து, பதினாறு வாரம், கடைசியில் ஓர் அறுபது என்று சொன்னான். இரண்டு நாள் கழித்து, அவன் புத்தகப் பைக்குள் ஜியாமெட்ரி பெட்டியில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்ததைத் துணி எடுக்கும்போது பார்த்தேன். பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. மண் உண்டியலில் இன்னும் போடுவதில்லை.

பக்கத்து வீட்டுச் சைக்கிளை ஆடியிலேயே வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். அதைச் சொன்னபோது, தெரியும் என்றான். இப்போது எதற்காகச் சேர்க்கிறாய் என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டான்.

நேற்றுச் சனிக்கிழமை. ஐந்தாவது தவணையைக் கொடுத்ததும் பால் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, என் எழுத்துக்குக் கீழே தன் எழுத்தில் கழித்து, "மீதி 940" என்று எழுதினான். பிறகு நோட்டை என்னிடம் திருப்பித் தராமல் தன் பையில் வைத்துக்கொண்டான்.